கண்டிப்பாகவா, உங்கள் இஷ்டமா? ஆங்கிலம் தொடங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முழுமையான வழிகாட்டி

‘சண்டே ஐ வாண்ட் டு வொர்க்’ என்று கட்டுமானத் தளத்தில் ஒரு தம்பி சொல்கிறார். அவர் மனசில் இருப்பது ‘ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகணும்’ என்பது. வரச் சொல்லிவிட்டார்கள், வேறு வழியில்லை. கேட்கிறவருக்கோ ‘எனக்கே வேலை செய்ய ஆசை’ என்று காதில் விழுகிறது. சிங்கப்பூரில் இந்த இரண்டுக்கும் நடுவில் பணம் இருக்கிறது. வேலை நியமனச் சட்டத்தின் ஓய்வு நாள் விதிகள் பொருந்துகிற தொழிலாளி, முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். தானாகவே கேட்டுச் செய்தால் ஒரு நாள் சம்பளம்தான். ஒரு வாக்கியத்தை வைத்து யாரும் சம்பளம் போடப்போவதில்லை, ஆனால் யார் கேட்டது என்று பிறகு பேச்சு வந்தால் அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டூழியராக வகுப்பெடுப்பவர்களுக்கும், ஊரிலிருந்து புதிதாக வந்த மனைவிக்கோ அம்மாவுக்கோ வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உச்சரிப்பு தெரிவதற்காக ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். நீங்கள் பலகையில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள், அவர்கள் வெளியே பார்க்கப்போவது அதைத்தான்.

அட்டவணை வேண்டாம்

மஸ்ட், ஹேவ் டு, ஷுட், கேன் என்று ஒரு பக்கம் எழுதி, எதிரே தமிழ் அர்த்தம் எழுதி, ‘அடுத்த வாரம் பாடமா சொல்லணும்’ என்று அனுப்பும் முறை எனக்குப் பிடிக்காது. அது பலிக்காததற்குக் காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. நம் ‘ணும்’ ஆசைக்கும் கட்டாயத்துக்கும் ஒன்றேதான்: ‘ஒரு டீ குடிக்கணும்’, ‘வாடகை கட்டணும்’. ‘வேண்டாம்’ இன்னும் சிக்கல். ‘நாளைக்கு நீ வர வேண்டாம்’ என்றால் வரத் தேவையில்லை என்பதா, வரவே கூடாது என்பதா? நாம் குரலிலும் முகத்திலும் பிடித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குத் தனித்தனி வாக்கியம் இருக்கிறது, குரலை நம்பினால் தப்பாகிவிடும்.

அதனால் சொல்லுக்குச் சொல் பொருத்தாமல் இரண்டே கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். செய்யாவிட்டால் வம்பா? செய்தால் வம்பா? செய்யாவிட்டால் வம்பு என்றால் ஹேவ் டு அல்லது மஸ்ட். செய்தால் வம்பு என்றால் மஸ்ட் நாட் அல்லது கேனாட். இரண்டிலும் வம்பில்லை என்றால் டோண்ட் ஹேவ் டு, அதாவது உங்கள் இஷ்டம். பாடம் முழுக்க இதைச் சுற்றித்தான். மாணவர் தடுமாறும்போதெல்லாம் இலக்கணத்தை விளக்காமல் இந்த இரண்டு கேள்வியையே திருப்பிக் கேளுங்கள்.

முதல் படி: தமிழிலேயே பிரித்துப் பார்ப்பது

முதல் வகுப்பில் பாதி நேரம் ஆங்கிலமே வேண்டாம். கைப்பேசியில் நீங்களே எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள்: எம்ஆர்டி அறிவிப்பு, உணவங்காடி நிலையத்தில் தட்டு வைக்கும் இடம், சைட் வாசலில் ஹெல்மெட் படம், ரயிலில் ரிசர்வ்டு சீட் (முதியவர்கள், கர்ப்பிணிகள் போன்றவர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கை), கோப்பிக்கடை மேசையில் சில்லி பாட்டில். மேசையில் மூன்று இடம் ஒதுக்கி, ‘கண்டிப்பா செய்யணும்’, ‘செய்யவே கூடாது’, ‘நம்ம இஷ்டம்’ என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

சில படங்கள் எளிது. ரயிலில் சாப்பிடுவது, குடிப்பது கூடாது. அறிவிப்பிலேயே 500 வெள்ளி அபராதம் என்று போட்டிருக்கிறது. புகை பிடித்தால் 1,000 வெள்ளி. டுரியான் படத்துக்கு மட்டும் அபராதத் தொகை இல்லை, ஆனாலும் கொண்டுபோகக் கூடாது, அதைக் கவனித்துச் சொல்ல வகுப்பில் ஒருவராவது இருப்பார். சில படங்களில் சண்டையே வரும், வரட்டும். சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது ‘நல்ல பழக்கம்தானே, இஷ்டம்தானே’ என்று பலர் நினைக்கிறார்கள். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களிலும், 2022 ஜனவரி முதல் கோப்பிக்கடைகளிலும் அது கட்டாயம். முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் அபராதம். எனவே அது முதல் குவியலுக்குப் போகிறது.

ரிசர்வ்டு சீட்டுக்கு மூன்று குவியலிலும் இடமில்லை. ‘அக்கா, அதுல உக்காந்தா ஃபைன் இல்லையா?’ என்று கேட்பார்கள். ‘ஃபைன் இல்ல தம்பி. ஆனா ஒரு பாட்டி நின்னுக்கிட்டு இருக்கும்போது நீங்க உக்காந்திருந்தா எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்க.’ அந்தப் படத்தை ஓரமாகத் தனியே வையுங்கள். பின்னால் ஷுட் நடத்தும்போது அது உங்களுக்கு உதவும், அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

இரண்டாம் படி: கேன், கேனாட்

இங்கே வந்து ஒரு வாரம் ஆனவருக்குக்கூட ‘கேன், கேன்’ தெரியும். தெரிந்ததிலிருந்து தொடங்குவது நல்லது. ‘கேன் ஐ சிட் ஹியர்?’, ‘கேன் ஐ பே பை கார்ட்?’, ‘யூ கேனாட் ஸ்மோக் ஹியர்’ என்று உடனே வெளியே போய்ப் பயன்படுத்தக்கூடிய வாக்கியங்களாகக் கொடுங்கள்.

மூன்று விஷயங்களில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஒன்று, ‘கேண்ட்’ என்று சுருக்கிச் சொல்ல வைக்காதீர்கள். கடைசி ஒலி நம்மவர்கள் வாயிலும் விழாது, காதிலும் விழாது, முடியும் என்பதும் முடியாது என்பதும் ஒன்றாகிவிடும். ‘கேனாட்’ என்று முழுதாகச் சொல்வது சிங்கப்பூரில் சாதாரணம், யாரும் சிரிக்க மாட்டார்கள். இரண்டு, ‘ஐ கேன் ஏபிள் டு’. இது நம் ஊர்க்காரர்களிடம் வேரூன்றிய பழக்கம், காலேஜ் முடித்தவர்களிடமும் உண்டு. கேன் போதும், ஏபிள் டு வேண்டாம். மூன்று, கேனுக்கும் மஸ்ட்டுக்கும் ஷுட்டுக்கும் பின்னால் வினைச்சொல் அப்படியே நிற்கும்: ‘மஸ்ட் டு கோ’ இல்லை, ‘மஸ்ட் கோ’. இதற்கு விதி சொல்லிப் பயனில்லை, பத்து வாக்கியம் கூட்டமாக உரக்கச் சொல்ல வையுங்கள்.

மூன்றாம் படி: ஹேவ் டு

மஸ்ட்டை விட்டுவிட்டு ஏன் இதற்கு வருகிறேன் என்று கேட்கலாம். மஸ்ட் அறிவிப்புப் பலகையில் இருக்கும், மேலிருந்து கீழே வரும் உத்தரவில் இருக்கும். சாதாரணமாகத் தன் நிலைமையைச் சொல்ல ஹேவ் டு தான் அதிகம் கைகொடுக்கும். அதோடு இறந்த காலத்துக்கும் கேள்விக்கும் அது வளைந்துகொடுக்கிறது. மஸ்ட்டுக்கு இறந்த காலமே கிடையாது. ‘யெஸ்டர்டே ஐ மஸ்ட் கோ’ என்று சொல்லும் மாணவரிடம் ‘ஐ ஹேட் டு கோ’வைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரே ஒரு தொந்தரவு, ஹி, ஷி வந்தால் ஹேஸ் டு ஆகும். தொடக்கத்தில் தவறினால் விட்டுவிடுங்கள், ‘ஹி ஹேவ் டு’ என்றாலும் கேட்பவருக்குப் புரியும்.

ஒலியைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். எழுத்தில் ஹேவ் டு, பேச்சில் ‘ஹேஃப்டு’ என்று ஒட்டிக்கொண்டு வரும், ஹேஸ் டு ‘ஹேஸ்டு’ ஆகும். புத்தகத்தில் நன்றாகப் படிக்கிறவர்கள் சூப்பர்வைசர் பேசினால் பிடிக்க முடியாமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பயிற்சிக்கு அவர்களுடைய வாரத்தையே எடுங்கள். ‘ஐ ஹேவ் டு வேக் அப் அட் ஃபைவ்.’ ‘ஐ ஹேவ் டு டேக் த லாரி.’ ‘ஐ ஹேவ் டு செண்ட் மனி ஹோம்.’ இந்தக் கடைசி வாக்கியம் வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஹேவ் டுவா, வாண்ட் டுவா?’ ஊருக்குப் பணம் அனுப்புவது கட்டாயமா ஆசையா என்று வகுப்பே யோசிக்கும், சிலர் இரண்டும் என்பார்கள், சிலர் வட்டிக் கணக்கைச் சொல்வார்கள். எந்தப் பதிலும் தப்பில்லை. வாண்ட் டு வேறு, ஹேவ் டு வேறு என்பது அந்த ஐந்து நிமிடத்தில் புரிவதுபோல் வேறெதிலும் புரியாது. புரிந்த கையோடு ஞாயிற்றுக்கிழமை வாக்கியத்துக்கு வாருங்கள்: ‘மை பாஸ் ஆஸ்க்டு மீ டு வொர்க் ஆன் சண்டே. ஐ ஹேட் டு வொர்க்.’ இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும்வரை விடாதீர்கள்.

நான்காம் படி: டோண்ட் ஹேவ் டு, மஸ்ட் நாட்

நேரத்தை இங்கேதான் கொட்ட வேண்டும். ஹேவ் டுவும் மஸ்ட்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. இல்லை என்று மறுக்கும்போது இரண்டும் நேர் எதிர்த் திசையில் போய்விடுகின்றன. ‘யூ டோண்ட் ஹேவ் டு கோ அப்’ என்றால் ஏறத் தேவையில்லை, ஏறினாலும் குற்றமில்லை. ‘யூ மஸ்ட் நாட் கோ அப்’ என்றால் ஏறினால் ஆபத்து. இரண்டையும் ‘ஏற வேண்டாம்’ என்று தமிழில் வாங்கிக்கொள்ளும் ஒருவர், சாரத்தில் ஏறக் கூடாது என்று சொன்ன இடத்தில் ‘சும்மா சொல்றாங்க, சாமான் ஒண்ணு எடுத்துட்டு வந்துடலாம்’ என்று ஏறிவிடலாம். 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய உயரத்தில் வேலை என்றாலே பெர்மிட் டு வொர்க், அதாவது அந்த வேலையைத் தொடங்கும் முன் எழுத்தில் அனுமதி, வாங்க வேண்டிய ஊர் இது. தேவையில்லை என்பதைக் கூடாது என்று புரிந்துகொண்டால் பெரும்பாலும் நஷ்டம் அதிகமில்லை. கூடாது என்பதைத் தேவையில்லை என்று புரிந்துகொண்டால் உயிர் போகலாம். ஆகவே மஸ்ட் நாட்டை முதலில் நன்றாகக் காதில் ஏற்றுங்கள்.

டோண்ட் ஹேவ் டுவுக்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சிங்கப்பூரில் எல்லாரும் சொல்லும் ‘நோ நீட்’ அதே பொருள்தான். ‘நோ நீட் பேக், அங்கிள்’ என்று கடையில் சொல்லத் தெரிந்தவருக்கு ‘ஐ டோண்ட் ஹேவ் டு டேக் அ பேக்’ அந்நியமாக இருக்காது. பொருள் ஏற்கெனவே தெரியும், நீங்கள் வாக்கியத்தை மட்டும் நீட்டுகிறீர்கள். நோ நீட் தவறு என்று திருத்துகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், எதற்கு? பேசும்போது அது இருக்கட்டும். மனு எழுதவும் அலுவலகத்தில் பேசவும் நீண்ட வாக்கியம் தெரிந்தால் போதும்.

பயிற்சியை இப்படி நடத்துங்கள். நீங்கள் ஒரு வாக்கியம் சொல்வீர்கள், மாணவர்கள் கையால் பதில் சொல்ல வேண்டும், வாயால் இல்லை. கையைக் குறுக்கே மடித்தால் கூடாது, தோளைக் குலுக்கினால் இஷ்டம், கட்டை விரலைக் காட்டினால் கண்டிப்பாக. ‘யூ மஸ்ட் நாட் டச் திஸ் ஸ்விட்ச்.’ ‘யூ டோண்ட் ஹேவ் டு வெயிட் ஃபார் மீ.’ ‘யூ ஹேவ் டு வேர் யுவர் சேஃப்டி பெல்ட்.’ முதலில் மெதுவாக, அப்புறம் சைட்டில் பேசும் வேகத்தில், அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு, முகம் தெரியாமல். கை எங்கே தயங்குகிறது என்று பார்த்தாலே யாருக்கு இன்னும் ஏறவில்லை என்று தெரிந்துவிடும். ‘மஸ்ண்ட்’ என்ற சுருக்க வடிவத்தை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம், அதில் நடுவிலிருக்கும் ஒலி விழுங்கப்பட்டு மஸ்ட் மாதிரியே கேட்கும்.

அடுத்த சுற்றில் அவர்களே சொல்லட்டும், நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டதுபோல் நடியுங்கள். மாணவர் ‘யூ டோண்ட் ஹேவ் டு கம் டுமாரோ’ என்பார். நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டு, ‘ஓகே, ஐ கேனாட் கம்?’ என்று கேளுங்கள். ‘நோ நோ, யூ கேன் கம். அப் டு யூ!’ என்று அவர் பதறிக்கொண்டு சொன்னார் என்றால் உங்களுக்கு வேலை முடிந்தது.

ஐந்தாம் படி: கேட்கத் தெரிவது

‘டு ஐ ஹேவ் டு…?’ என்ற கேள்வி ஒன்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். ‘டு ஐ ஹேவ் டு பே ஃபார் திஸ்?’ ‘டு ஐ ஹேவ் டு சைன் நவ்?’ கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டும்போது பேசாமல் போட்டுவிடுகிற பழக்கம் நம்மில் அதிகம், இந்தக் கேள்வி அதற்கு ஒரு சின்னத் தடை. பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைக்கச் சொன்னாலும் இதையே கேட்கலாம். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ள முதலாளிக்கு இங்கே சட்டம் இடம்கொடுப்பதில்லை.

மரியாதையும் இங்கே வருகிறது. ‘பாஸ், யூ மஸ்ட் கிவ் மீ லீவ்’ என்று சொன்னால் இலக்கணம் சரி, வேலைக்கு ஆகாது. உத்தரவு போடுவதுபோல் இருக்கும். நாம் ‘லீவு குடுக்கணும் சார்’ என்று பணிவாகச் சொல்வதை அப்படியே கொண்டுபோவதால் வரும் வினை. இரண்டு வாக்கியமாகப் பிரிக்கச் சொல்லுங்கள், முதலில் கட்டாயம், பிறகு அனுமதி: ‘பாஸ், ஐ ஹேவ் டு சீ த டாக்டர். கேன் ஐ கோ அட் டூ?’ இந்த ஜோடி கிளினிக், வங்கி, பள்ளிக்கூடம் என்று எங்கும் செல்லும். மஸ்ட்டை அடுத்தவரைப் பார்த்துச் சொல்லாதீர்கள், அறிவிப்பில் படித்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம்.

ஆறாம் படி: தேர்ந்தெடுப்பது

தேர்வு என்பது பாதி ‘ஆர்’தான். ‘ஹேவிங் ஹியர் ஆர் டேக்அவே?’ என்று கடையில் கேட்டால் புதிதாக வந்தவர் ‘யெஸ்’ என்பார். ஆம் இல்லை கேள்வி என்று நினைத்துவிடுகிறார். கடைக்காரர் திரும்பக் கேட்க, இவர் இன்னும் சத்தமாக ‘யெஸ், யெஸ்’ என்பார். ‘ஆர்’ காதில் விழுந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பதைப் பழக்குங்கள். ‘ஹாட் ஆர் கோல்ட்?’ ‘கேஷ் ஆர் கார்ட்?’ ‘திஸ் சண்டே ஆர் நெக்ஸ்ட் சண்டே?’

ஒருவரைக் கடைக்காரராக உட்கார வைத்து கோப்பி விற்கச் சொன்னால் அரை மணி நேரம் போவதே தெரியாது. சர்க்கரை இல்லாமல் கோசோங், பால் இல்லாமல் ஓ, ஐடியல் பாலோடு சி என்று இதில் உள்ள தேர்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. அதில் பாதி மலாயும் ஹொக்கியனும்தான், ஆங்கில வகுப்பில் அது எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

‘ஐ வுட் லைக்’ வேண்டுமானால் கொடுங்கள், ‘ஐ வில் ஹேவ்’ போதும் என்பது என் எண்ணம். ‘அப் டு யூ’, ‘ஐதர் இஸ் ஃபைன்’ இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: ‘எதுன்னாலும் சரி’ என்று சொல்லிப் பழகியவர்கள் ‘எனிதிங் கேன்’ என்று ஒளிந்துகொள்வார்கள், குறிப்பாக வீட்டிலேயே இருக்கும் பெண்கள். அவர்களுக்கு அந்தப் பதிலை ஒரு வகுப்புக்குத் தடை செய்துவிடுங்கள், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இல்லப் பணிப்பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால் ஓய்வு நாள் உரையாடலை இங்கே சேருங்கள். 2023 ஜனவரியிலிருந்து, மாதத்துக்கு ஒரு ஓய்வு நாளையாவது முதலாளி பணம் கொடுத்து ஈடுகட்டாமல் விடுமுறையாகவே தர வேண்டும். மற்ற ஓய்வு நாட்களில் வேலை செய்ய அவரும் சம்மதிக்க வேண்டும். ‘மேடம், கேன் ஐ டேக் மை ஆஃப் டே திஸ் சண்டே ஆர் நெக்ஸ்ட் சண்டே?’ என்று தேதியைத்தான் கேட்கிறார், விடுமுறை உண்டா என்று கேட்கவில்லை. அந்த வித்தியாசத்தைச் சுட்டிக் காட்டுங்கள்.

ஏழாம் படி: ஷுட்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். ஓரமாக வைத்த ரிசர்வ்டு சீட் படத்தை எடுங்கள். ‘யூ ஷுட் கிவ் அப் யுவர் சீட்.’ சட்டம் பிடிக்காது, ஆனால் செய்வது நல்லது, செய்யாவிட்டால் பார்வை மட்டும் வரும். தலைவலி, பல்வலி, இருமல் என்று ஆளுக்கொரு நோயைச் சொல்லச் சொல்லி மற்றவர்கள் ‘யூ ஷுட்…’ என்று வைத்தியம் சொல்லட்டும். கசாயத்திலிருந்து கோடரித் தைலம்வரை வந்துவிடும்.

எதைத் திருத்துவது, எதை விடுவது

வம்பில் மாட்டிவிடும் பிழைகளை உடனே நிறுத்துங்கள்: வாண்ட் டுவும் ஹேவ் டுவும் மாறுவது, டோண்ட் ஹேவ் டுவும் மஸ்ட் நாட்டும் மாறுவது, கேனும் கேனாட்டும் மாறுவது. ‘மஸ்ட் டு’, ‘கேன் ஏபிள் டு’ போன்றவற்றை வாக்கியம் முடிந்த பிறகு நீங்கள் ஒருமுறை சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும். ‘கம்பல்சரி யூ கம்’ என்று வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், கட்டாயம் என்ற கருத்தைப் பிடித்துவிட்டார், ‘யூ ஹேவ் டு கம்’ என்று மாற்றிக் கொடுங்கள். லா, லே எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

ஒரு வகுப்புக்கு ஒரு படி, நான்காம் படிக்கு மட்டும் இரண்டு அல்லது மூன்று வகுப்பு. வீட்டுப் பாடமாக ஆளுக்கொரு அறிவிப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள், கீழே ஒரே ஒரு வாக்கியம். எழுத வராதவர்கள் குரல் பதிவாக அனுப்பலாம். வாரக் கடைசியில் களைப்போடு வருகிறவர்கள், அனுப்பாதவர்களைக் கேட்டுத் துளைக்காதீர்கள்.

கடைசியில் சோதித்துப் பார்க்க எழுத்துத் தேர்வு வேண்டாம். உங்கள் நண்பர் ஒருவரை, தமிழ் தெரியாதவராக இருந்தால் நல்லது, வகுப்புக்கு அழைத்து வந்து சூப்பர்வைசராக நிற்க வையுங்கள். அவர் தன் வேகத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் சொல்லட்டும், அதில் சில கட்டாயம், சில தடை, சில இஷ்டம். மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். புரியவில்லை என்றால் ‘டு ஐ ஹேவ் டு?’ அல்லது ‘கேன் ஐ?’ என்று திருப்பிக் கேட்கலாம், கேட்டால் மதிப்பெண் குறையாது. தடையைத் தவறவிட்டவர்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் அவர்களோடு கைப் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.